வேற்றுருக் கொண்ட பெண்கள்
தமிழ் இலக்கியத்தில் அழகு இலட்சியமும் தன்மதிப்பும்

காதலுக்கு அழகு காரணமா என்னும் வினா மிகப் பழையது. தமிழ் இலக்கண நூலார் இவ்வினாவுக்கு நேரடியான விடை எதனையும் கூறவில்லை. ஆயினும், தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டப்படும் ஒப்புக்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே பத்தாக வகுத்துள்ளார். பிறப்பு முதல் திரு ஈறாக அமைந்த அப்பத்தினுள் உருவும் ஒன்று. அருள், உணர்வு, நிறை முதலாயினவற்றோடு சமநிலையில் வைத்தெண்ணப்படும் ஒன்றேயன்றி, அது அவையனைத்தினுக்கும் தலைமை தாங்கும் ஒன்றன்று. இலக்கணம் இவ்வாறு நிறுத்து வைத்த உருவு, இலக்கியத்தினுள் நுழைந்ததும் ஏனைய ஒன்பதையும் பின்தள்ளி முன்வந்து நிற்பதைக் காண்கிறோம். பெண்ணைப் பற்றிய வருணனைகளில் அவளது அருளும் உணர்வும் பெறும் இடம் சிறிது. கூந்தலும் நுதலும் இடையும் பெறும் இடமோ பெரிது.

இவ்வாறு முன்னிறுத்தப்பட்ட அழகு இலட்சியம் பெண்ணின் காதலையும் அவள் தன்னைத் தான் மதிக்கும் மதிப்பையும் எவ்வாறு பாதித்தது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. இதற்கு இலக்கியத்தின் பரப்பு முழுவதையும் துருவ வேண்டியதில்லை. தம் உருவை மாற்றிக்கொண்ட, அல்லது துறந்த மூன்று பெண்களை எடுத்துக்கொள்ளுதல் போதுமானது. மணிமேகலை, காரைக்காலம்மையார், ஔவையார் ஆகியோரே அம்மூவர். மூவரும் அறிவாலும் சொல்லாலும் தமிழில் நிலைபெற்றவர்கள். மூவரையும் மரபு வேற்றுருவிலேயே நிலைநிறுத்தியது. இதனை வெறுந் தற்செயல் எனக் கொள்ளுதல் பொருந்துமா?

மாமையும் பசலையும்

அழகின் அளவுகோல் என்றும் மாறாத இயற்கை நியதி போலப் பேசப்படுவதுண்டு. இலக்கிய வரலாறு அதற்கு இடந்தரவில்லை. சங்கச் செய்யுட்களிலே தலைவியின் நிறம் ‘மாமை’ எனப் போற்றப்படுகிறது. மாந்தளிர் போன்ற நிறம் என உரையாசிரியர் இதற்குப் பொருள் கூறுவர். தலைவனின் பிரிவால் அம்மாமை கெட, மேனியிலே படரும் வெளிறிய பொன்னிறமே பசலை. பீர்க்கம் பூவும் கொன்றைப் பூவும் அதற்கு உவமைகளாயின. அஃதாவது, மேனி வெளிறுதல் அக்காலத்தில் அழகன்று, அழகின் அழிவு, துயரத்தின் அடையாளம். இன்று மணமகள் தேடும் விளம்பரங்களிலே விரும்பிக் கேட்கப்படும் வெளிறிய நிறத்தைச் சங்கத் தலைவி தன்மேற் கண்டிருந்தால் தோழியிடம் முறையிட்டு அழுதிருப்பாள். ஒரே மொழியினரிடையே, ஒரே வெயிலின் கீழ், அளவுகோல் இவ்வாறு தலைகீழாகியுள்ளது. எனவே, அளவுகோலை வகுப்பது இயற்கையன்று, சமூகமே என்பது தெளிவு.

ஆயினும், அளவுகோலின் உள்ளடக்கம் மாறிய போதும் அதன் இயல்பு மாறவில்லை என்பதனையும் மனங்கொளல் வேண்டும். குறுந்தொகையிலே வெள்ளிவீதியார் பாடிய செய்யுளொன்று இதற்குத் தக்க சான்று. அங்குத் தலைவி தன் அழகு தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாவதைக் கூறி வருந்துகிறாள். கன்றின் வாயையும் கலத்தையும் சேராது நிலத்திற் சிந்திய பால் அவளுக்கு உவமையாகிறது. துயரத்தின் ஆழத்தைக் காட்டுவதில் இதற்கு இணையான உவமைகள் சிலவே. ஆனால், அவ்வுவமையினுள்ளே பொதிந்திருக்கும் கருத்தையும் நாம் நோக்க வேண்டும். அழகு நுகரப்படும் பொருள். நுகர்வோன் இல்லாதவிடத்து அது வீண்போகும் பொருள். தன் உடலைப் பற்றிய இக்கணக்கைத் தலைவியே போடுகிறாள். பிறர் வகுத்த அளவுகோல் அவளுடைய உள்ளத்திலேயே குடிபுகுந்துவிட்டது. ‘தனக்கும்’ என அவள் சேர்த்துக்கொள்ளும் ஒரு சொல்லிலே மட்டுமே அவளுடைய தன்மதிப்பு ஒளிந்து நிற்கிறது எனலாம்.

பொருநராற்றுப்படையிலே பாடினியின் உருவம் கூந்தல் தொடங்கி அடிவரை உறுப்புறுப்பாக வருணிக்கப்படுகிறது. பிற்காலத்திற் கேசாதிபாதம் எனப் பெயர்பெற்ற இவ்வகை வருணனை, பெண்ணை முழுமையாகக் காட்டுவது போலத் தோன்றினும் உண்மையிலே அவளைக் கூறுபடுத்தியே காட்டுகிறது. மேகம், பிறை, வில், கயல் என்று உவமைகள் அடுக்கப்படும்போது, அவை யாருடைய உறுப்புக்கள் என்ற வினா மறைந்துபோகிறது. ஒருத்திக்குரிய வருணனையை மற்றொருத்திக்கு மாற்றி எழுதினும் பொருள் குன்றாது என்பதே இவ்வருணனையின் குறைபாடு.

பளிக்கறையினுள் ஓர் ஓவியம்

இம்மரபை உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கிய காப்பியம் சாத்தனாரின் மணிமேகலை. மலர் கொய்ய வெளியே வரும் மணிமேகலையை ஊரவர் சூழ்ந்துகொண்டு பார்க்கின்றனர். இத்தகைய அழகியைத் துறவுக்கு ஆளாக்கிய தாய் கொடியவள் எனப் பழிக்கின்றனர். அவளுடைய அழகு அவளுக்குரியதன்று, ஊரின் பொதுச்சொத்து என்னும் எண்ணமே அப்பழிச்சொல்லின் அடிப்படை. உவவனத்திலே உதயகுமரன் துரத்தி வர, அவள் பளிக்கறையினுள்ளே புகுந்துகொள்கிறாள். பளிங்கினூடாகத் தெரியும் உருவத்தை முதலில் ஓவியமெனவே கருதி, அதனை ஆக்கியோனின் திறனை வியக்கிறான் அரசிளங்குமரன். பின்னரே அது மணிமேகலை எனத் தெளிகிறான். அழகை மட்டுமே காணும் கண்ணுக்கு உயிருள்ள பெண்ணும் ஓவியமும் வேறல்ல என்பதனை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டிவிட முடியாது. பளிக்கறை காட்சியை மறைக்கவில்லை. தொடுதலை மட்டுமே தடுக்கிறது. அழகியெனப் பெயர்பெற்ற பெண் சமூகத்தில் இருக்கும் நிலையும் அதுவே.

இதனையடுத்து வரும் பகுதியே காப்பியத்தின் உள்ளத்தைத் தொடும் பகுதியாகும். உதயகுமரன் சென்றபின், தன் நெஞ்சம் அவன்பின் சென்றுவிட்டது என்பதைச் சுதமதியிடம் மணிமேகலை மறைக்காது கூறுகிறாள். தன்னைக் கற்பில்லாதவள், தவவுணர்வில்லாதவள், விலைக்குரியவள் என இகழ்ந்து விரும்பியவன் அவன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு செல்கிறது. காமத்தின் இயல்பு இதுதானாயின் அது கெடுவதாக என்கிறாள் அவள். உருவை விரும்புவோன் உருவுக்குரியவளை மதிக்காதிருத்தல் கூடும். மதிக்கப்படாதவளும் தன்னை விரும்பியவனை விரும்புதல் கூடும். காதலுக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைச் சாத்தனார் மூடி மறைக்கவில்லை. துறவை வற்புறுத்த வந்த புலவர் தம் தலைவியை மரப்பாவையாக்காமல், ஆசையும் மானமும் ஒருங்கே உடையவளாகப் படைத்தமை அவருடைய கலைநேர்மைக்குச் சான்றாகும்.

மணிபல்லவத்திலே (இதனை நம் நயினாதீவு எனக் கொள்வாருமுளர்) முற்பிறப்பை உணர்ந்து, வேற்றுருக் கொள்ளுதல் உள்ளிட்ட மூன்று மந்திரங்களையும் அமுதசுரபியையும் பெற்று மீள்கிறாள் அவள். உதயகுமரனிடமிருந்து தப்புவதற்குக் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள். அவ்வுருவில் நின்றே நரைமூதாட்டி ஒருத்தியை அவனுக்குச் சுட்டிக்காட்டி, கூந்தல் முதல் கீழ்நோக்கி ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு திரிந்து போயிற்று என விவரிக்கிறாள். இப்பகுதி கேசாதிபாத மரபை அதன் உவமைகளைக் கொண்டே தலைகீழாக்கும் பகுதி. கருமணல் போன்ற கூந்தல் வெண்மணலாகிறது, அதுபோலவே ஏனையவும். பூவும் சாந்தும் அணியும் முன்னோர் வகுத்த வஞ்சம் என முடிக்கிறாள். புலவர்கள் காலங்காலமாகக் கட்டிய உவமை மாளிகை இங்கே அதன் கற்களைக் கொண்டே இடிக்கப்படுகிறது.

எனினும் இவ்விடத்து ஒரு தடை எழுகிறது. அழகு நிலையாதது என்ற வாதம் உடலைக் குற்றவாளியாக்குகிறதேயன்றி, அதனைப் பார்க்கும் கண்ணைக் குற்றவாளியாக்கவில்லை. மூதாட்டியின் உடல் இழிவுக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே அங்கு நிற்கிறது, அவள் பேசுவதில்லை, அவள் யார், என்ன அறிந்தாள் என்பது நமக்குத் தெரிவதில்லை. இளமையுடலை ஓவியமாக்கிய பார்வைக்கும் முதுமையுடலைப் பாடமாக்கிய பார்வைக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுமளவு பெரிதன்று. வாதத்தின் பயனும் சிறிதே. உதயகுமரன் அவ்வுரையால் மனம் மாறவில்லை. காயசண்டிகையின் கணவனான காஞ்சனன், அவளைத் தன் மனைவியென்றே மயங்கி, உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். வேற்றுருக் கொண்டும் அவள் ஆடவரின் உரிமைப் போட்டியிலிருந்து தப்பவில்லை. மற்றொருவனின் உடைமையாகக் காணப்பட்டாள் என்பதே நிகழ்ந்தது.

இதன்பின்னர் அவள் கொள்ளும் உருக்கள் இரண்டு. சிறையில் அவளுக்குத் தீங்கிழைக்க அரசி அனுப்பிய இளைஞன் வரும்போது ஆணுருக் கொள்கிறாள். வஞ்சிநகரிலே சமயவாதிகளின் திறங்களைக் கேட்டறியச் செல்லும்போது மாதவன் வடிவம் கொள்கிறாள். இளம்பெண் என்று கண்டால் எவரும் மெய்ப்பொருளை உரைக்கமாட்டார் என்று தெய்வமே அவளுக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கிறது. ஆகவே, அழகிய பெண்ணுடல் காதலுக்கு மட்டுமன்றி, அறிவுக்கும் தடையாக நின்றது. தருக்க மண்டபத்தின் வாயிலிலே அவள் தன் உருவைக் கழற்றிவைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டியிருந்தது.

காரைக்காற்பேய்

மணிமேகலையின் வேற்றுரு தற்காலிகமானது. காரைக்காலம்மையாரின் வேற்றுருவோ மீளாதது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அவர் வரலாற்றை விரிவாகத் தருகிறது. மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் பரமதத்தன் மனைவியைத் தெய்வமெனக் கருதி அஞ்சுகிறான். கடல் வாணிகத்திற்கெனச் சென்றவன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். சுற்றத்தார் அழைத்துவந்து நிறுத்திய மனைவியின் காலிலே குடும்பத்தோடு விழுகிறான். பெண்ணொருத்தியின் அழகை அஞ்சாது ஏற்றவன் அவளது ஆற்றலை ஏற்க அஞ்சினான் என்பதே இந்நிகழ்ச்சியின் சாரம்.

அந்நிலையில் அம்மையார் இறைவனிடம் கேட்பது யாது? கணவன்பொருட்டுச் சுமந்த வனப்புடைய தசையை நீக்கிப் பேய்வடிவைத் தருமாறு வேண்டுகிறார். இவ்வேண்டுகோளைத் துறவின் உச்சம் எனப் போற்றுதல் வழக்கம். அது தவறன்று. ஆயினும், அதனுள் ஒரு கணக்குத் தீர்த்தலும் இருக்கிறது. அழகு அவருக்கு உடைமையன்று, சுமை. ஒருவன்பொருட்டுச் சுமந்தது, அவன் வேண்டாதபோது இறக்கிவைக்கத்தக்கது. வெள்ளிவீதியாரின் தலைவி நுகர்வோனில்லாத அழகுக்காக வருந்தினாள்; அம்மையாரோ அதனைத் திருப்பியளித்துவிட்டு நடந்தார். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே தமிழ்ப்பெண்ணின் தன்மதிப்பு நடந்த தொலைவு எனலாம்.

பேயுருக் கண்டு மக்கள் அஞ்சியோடுகின்றனர். இறைவன் தன்னை அறிவானாயின், அறியாத மக்களுக்கு நான் எவ்வுருவில் தோன்றினால் என்ன என்னும் கருத்துப்பட அம்மையார் கூறுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். பிறர் கண்ணைத் தன் அளவுகோலாக ஏற்க மறுக்கும் இத்துணைத் துணிவான கூற்றைத் தமிழ்க் காப்பியப் பெண்களிடம் வேறெங்கும் காண்டல் அரிது. அம்மையாரே பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இதற்கு மேலும் வலுவூட்டுகிறது. வற்றிய மார்பும் குழிந்த கண்ணும் புடைத்த நரம்புமாகப் பெண்பேயை வருணித்துத் தொடங்கும் அவர், பதிக முடிவிலே தம்மைக் காரைக்காற்பேய் எனப் பெயரிட்டுக்கொள்கிறார். சாத்தனாரின் மூதாட்டி பிறரால் வருணிக்கப்பட்டவள். காரைக்காற்பேய் தன்னைத் தானே பெயரிட்டவள். நாயன்மார் வரிசையில் அனைவரும் நிற்க அவர் ஒருவரே அமர்ந்த கோலத்திற் காட்டப்படுகிறார். பொலன்னறுவையிலே கிடைத்த அம்மையாரின் வெண்கலப் படிமம், இம்மெலிந்த உருவின் பெருமை கடல் கடந்து நம் நாட்டிலும் வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும்.

ஔவை கேட்ட முதுமை

ஔவையார் கதை வேறொரு வகையில் நம் கவனத்தை ஈர்க்கிறது. திருமணத்தைத் தவிர்க்கும்பொருட்டு இளமையிலேயே விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றார் என்பது செவிவழிக் கதை. 1953 ஆம் ஆண்டு வெளிவந்து கே. பி. சுந்தராம்பாள் நடித்த திரைப்படம் அவ்வுருவை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது. ஆனால் புறநானூற்று ஔவையார் மூதாட்டியாகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. எண்பத்தொன்பதாம் செய்யுளிலே பகைவேந்தன் அவரை மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே விளிக்கிறான். அவ்விறலி தன் நாட்டு மறவரின் வீரத்தை அவனுக்கு அஞ்சாது எடுத்துரைக்கிறாள். அதியமானோடு கள்ளுண்டு, தூது சென்று, அரசவையிற் பேசிய பெண்ணொருத்திக்கு அன்று நரை தேவைப்படவில்லை.

ஔவையார் என்ற பெயரிற் பலர் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அவர்கள் அனைவரையும் ஒரே கிழவியாக்கிய பிற்கால மரபே இங்கு ஆராயத்தக்கது. இளமையும் அறிவும் ஒரு பெண்ணிடம் ஒருங்கே இருத்தலை ஏற்கவியலாத சமூகம், அவளுடைய அறிவை ஏற்கும்பொருட்டு இளமையை எடுத்துக்கொண்டது. கதையோ அதனை அவளே கேட்டுப் பெற்ற வரமாகக் காட்டுகிறது.

ஆடவர்க்கு வேறு நீதி

இவையனைத்தும் சமயங்களின் துறவுக் கோட்பாட்டால் விளைந்தவை, அழகு இலட்சியத்தோடு தொடர்புபடுத்தல் வேண்டா எனச் சிலர் கூறலாம். பௌத்தமும் சைவமும் உடலின் நிலையாமையை ஆண், பெண் இருபாலாருக்கும் போதித்தன என்பது உண்மையே. ஆயினும், ஆடவர் திறத்தில் அப்போதனை உருமாற்றமாக விளையவில்லை. அழகன் என்ற பொருளையே பெயராகக் கொண்ட சுந்தரர், பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்தார். சூள் பிழைத்தமையாற் கண்ணிழந்தும் மீளப் பெற்றார். அதே உடலோடு வெள்ளையானைமீது கயிலை சென்றார். அம்மையாரோ தலையால் நடந்து சென்றார்.

காப்பியத் தலைவருள் உருக்குலைந்தவன் நளன். கார்க்கோடகன் தீண்டியதால் நிறமும் வடிவும் மாறி வாகுகனாகிறான். அப்போதும் தேர் செலுத்தும் திறனும் சமையற் கலையும் அவனிடம் எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கொண்டே தமயந்தி அவனை அறிகிறாள். பாம்பு தந்த ஆடை பழைய உருவையும் மீட்டுத் தருகிறது. உருவை இழந்த ஆடவனைச் செயலால் அறிந்துகொள்ளும் ஒருத்தி அவனுக்கு இருந்தாள். உருவை இழந்த பெண்ணை அவ்வாறு அறிந்துகொள்ளும் கணவன் எவனையும் நம் மூவர் வரலாற்றிலும் காணோம். அம்மையாரை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஆண்டாள் தம் அழகைத் துறக்கவில்லையே எனின், அவரும் மானிடன் எவனுக்கும் உரியவராகாது அரங்கனுக்கே தம்மை உரிமையாக்கியவர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இன்றைய பளிக்கறை

இவ்வாராய்ச்சி பழமையோடு முடிந்துவிடுவதன்று. 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை சீதனத்திற்குச் சட்ட வடிவு தந்தது. சீதனத்தின் அளவைப் பேசும் இடத்திலே பெண்ணின் நிறமும் தோற்றமும் சொல்லாமலே கணக்கில் வந்துவிடுவதை நம் சமூகத்தில் அறியாதார் இல்லை. நிறங் குறைந்தால் தொகை கூடும் என்னும் இக்கொடிய வாய்பாடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எல்லார் வீட்டிலும் மனப்பாடமாயுள்ளது. 1975 ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்னும் களிம்பு வெண்மையையும் விரும்பப்படுதலையும் ஒரே பெயரில் இணைத்து விற்றது. எதிர்ப்புக்கள் வலுத்தபின் 2020 ஆம் ஆண்டில் அப்பெயர் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறிற்று, அப்பெயரை விலைபோக்கிய அச்சம் மாறிற்றா என்பதே வினா.

இவ்வச்சத்தினால் விளையும் கேடு மணவாழ்க்கை அமையாமை மட்டுமன்று. தன்னை மற்றொருவர் விரும்பக்கூடும் என்பதையே நம்பமறுக்கும் உள்ளம் அதனால் உருவாகிறது. அவ்வுள்ளம் அன்பு வந்த போதும் அதனை ஐயுறும். இழிவு வந்தபோது அதனைத் தனக்குரியதென ஏற்கும். அளவுகோலுக்கு இசைந்த பெண்ணுக்கும் இதே ஐயம் வேறு வடிவில் வருகிறது. தன்னை விரும்புவோன் தன்னை விரும்புகிறானா, பளிங்கில் தெரியும் ஓவியத்தை விரும்புகிறானா என்பதை அவள் அறியாள். அளவுகோல் அழகியர்க்கு நன்மையும் ஏனையோர்க்குத் தீமையும் செய்கிறது என எண்ணுதல் ஆகாது. இருவரையும் அன்பிலிருந்து பிரித்து நிறுத்துவதே அதன் தொழில்.

1986 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் ஈழத்துப் பெண் கவிஞர்களின் தொகுதி இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. அதில் சங்கரி என்ற பெயரில் வெளியான ‘அவர்கள் பார்வையில்’ என்னும் கவிதை, ஆடவர் பார்வையில் தான் முகமும் உள்ளமும் அற்ற உறுப்புக்களின் தொகுதியாகவே உள்ளதை ஒரு பெண் எடுத்துரைப்பதாக அமைந்துள்ளது. அலங்காரமற்ற இக்கவிதை ஒரு முக்கியமான திருப்பத்தைக் குறிக்கிறது. கேசாதிபாதத்தின் உறுப்புப் பட்டியல் இங்கு மீண்டும் வருகிறது. ஆனால், சாத்தனார் செய்தது போல உறுப்புக்கள் இழிந்தவை எனக் கவிஞர் காட்டவில்லை. பட்டியல் இடுவோரின் பார்வையே குற்றமுடையது எனக் காட்டுகிறார். தலைப்பே அதனை உணர்த்துகிறது. பேயாகவோ கிழவியாகவோ ஆணாகவோ மாறாமல், தன் உருவிலேயே நின்று ஒரு பெண் இதனைக் கூற முடிந்தமையே இருபதாம் நூற்றாண்டு நமக்குத் தந்த பேறு.

முற்காலப் புலவர்கள் சிக்கலை உணராதவர்கள் அல்லர். அழகு இலட்சியம் பெண்ணின் காதலையும் அறிவையும் மறிக்கும் மதிலாக நின்றதை அவர்கள் நன்கு கண்டனர். மதிலை இடிக்கும் வழியைக் காணாமையால், அதனைக் கடந்து செல்லப் பெண்ணுக்கு வேற்றுரு ஒன்றைத் தந்தனர். அவர்கள் காலத்தில் அவர்களால் இயன்றது அதுவே. நம் காலத்தில் இயல்வது அதனினும் பெரிது. இருப்பினும், நம் இல்லங்களில் வளரும் பெண்பிள்ளையொருத்தி பல்கலைக்கழகத்திற்கு வந்து தருக்கமும் விஞ்ஞானமும் கற்றபின்னரும், மணப்பேச்சு நடக்கும் நாளில் தன் நிறத்துக்காக வெட்கித் தலைகுனிய நேருமாயின், வஞ்சிநகரின் வாயிலில் மணிமேகலை கழற்றிவைத்த உருவை நாம் இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதே பொருள்.